பீச்சாங்கை மார்க்

திருத்தணியில் ஒரு மனிதன்மேல் வஞ்சம் தீர்த்துக்கொள்ள வழிகளுக்குப் பஞ்சமில்லை. மலையேறிப் போய்ச் சாமி எதிரில் மண்ணை வாரித் தூற்றலாம். வக்கீல் பிடித்துச் சித்தூர் கோர்ட்டுக்குச் செருப்புத் தேய நடக்கலாம். நகரிப் பக்கம் போய் எலுமிச்சம்பழம் மந்திரித்துக்கொண்டு வரலாம். சன்னதித் தெரு தாயாரம்மாள் இதில் எதையும் செய்யவில்லை. அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய் ஒரு படம் வரையச் சொன்னாள்.

யுத்த காலம் முழுக்க அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பல்பொடி தயார் செய்தார்கள். கடுக்காய், கிராம்பு, படிகாரம், நிறத்துக்குக் கொஞ்சம் காவிக்கல். வறுப்பது, இடிப்பது, துணியில் சலிப்பது எல்லாம் தாயாரம்மாள். விற்பதும் பெயர் வாங்குவதும் வேதாசலம். பொட்டலத்தின்மேல் நேராகப் பார்க்கிற ஒரு யானை முகம். இந்த ஊர் சாமிக்கு யானையும் வாகனமாயிற்றே. மலைக்கு வருகிற ஜனத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்குத் தெலுங்கும் படிக்கத் தெரியாது. அவர்களுக்குப் படம்தான் பெயர். புத்தூர்க்காரன் "ஏனுகு பொடி" என்பான், பள்ளிப்பட்டுக்காரி "ஆனப் பொடி" என்பாள். கை நீளும், பொட்டலம் போகும்.

யுத்தம் முடிகிற சமயத்தில் விஷஜுரம் வந்து வேதாசலம் போய்ச் சேர்ந்தார். கருமாதியன்று பந்தி நடக்கும்போது அவருடைய அண்ணன் பஞ்சாட்சரம் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் அதே சன்னதித் தெருவில், வேதாசலம் கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு கடை உண்டு. கற்பூரம், கயிறு, கோலமாவு என்று எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்.

"யான மார்க்கு எங்க குடும்பத்து மார்க்கு. தம்பி போயிட்டான், இனிமே அது என் கடையில இருக்கும். பொம்பளைக்கு இன்னாத்துக்கு மார்க்கு?" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் அவருக்கு நாக்கு நீளும். "அதுவும் பல்பொடி. விடிஞ்சும் விடியாம வாயில வெக்கிற பொருளு. முண்டச்சி கையால எவனாச்சும் போணி பண்ணிகினு போவானா? ஊரு வெளங்குமா?"

பந்தியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது, வாய் நிறைய வடை. பஞ்சாட்சரத்தின் பெண்டாட்டி கௌரியம்மாள் மட்டும் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகப் போட்டாள்.

தாயாரம்மாள் அழுவாள் என்று தெரு எதிர்பார்த்தது. அழவில்லை என்றதும் தெருவுக்கு ஒரே ஏமாற்றம். அவள் அந்தச் சொல்லைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டவள்போல எழுந்து உள்ளே போனாள். 'இந்த வாய் என் கடை வாசலில் வந்து நின்று போணி கேட்க வேண்டும்.' இதுதான் அவள் நினைத்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளையும் நினைத்தாள்.

யானை போயிற்று. பஞ்சாட்சரத்தின் யானைப் பொடியில் பாதி செங்கல் தூள். வாயில் வைத்தால் சூளையை நக்கினமாதிரி இருக்கும். ஆனாலும் யானை யானைதானே, விற்றது. தாயாரம்மாள் காவடிக்கு வர்ணம் பூசுகிறவனைப் பிடித்துத் தாமரை ஒன்று வரையச் சொன்னாள். தாமரை மார்க் கொஞ்சம் தலையெடுத்ததும் பஞ்சாட்சரம் கடையிலும் தாமரை பூத்தது. சூரியன் மார்க் போட்டாள். அங்கேயும் விடிந்தது. அவள் பொடியை நம்பி வருகிறவன் அவர் பொட்டலத்தை வாங்கிப்போய், வாயெல்லாம் செங்கல்லாகி, திரும்பி வந்து அவளைத் திட்டினான்.

"வர வர மண்ண அரைச்சி விக்கிறியே, நல்லா இருப்பியா?" என்று ஒரு கிழவர் கேட்டபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சாட்சரத்துக்குப் படங்கள்மேல் மரியாதை கிடையாது. "படத்தையா பல்லுல தேச்சிக்கிறாங்க?" என்பது அவருடைய பொன்மொழி. அவளுடைய பொட்டலத்தை ஏறிட்டும் பார்க்காமல், கதவு நிலைக்குப் பூ செதுக்குகிற ஆசாரி ஒருவரிடம், மரத்தில் அச்சு வெட்டித்தரச் சொல்லி நீட்டுவார். "இதே மாதிரி." அவ்வளவுதான் உத்தரவு. அச்சுக்கு பிளாக் வெட்டுகிறவனிடம் போனால் கூலி ஜாஸ்தியாம்.

அரக்கோணத்தில் நஜீர் அகமது என்று ஒருவர் இருந்தார். பட்டணத்தில் லுங்கிக் கம்பெனிகளுக்கு டிக்கெட் வரைந்தவர். டிக்கெட் என்றால் துணிக்கட்டின்மேல் ஒட்டுகிற வர்ணப் படம். ரங்கூன்காரன் அதைப் பார்த்துத்தான் லுங்கி வாங்குவான். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், லுங்கி வியாபாரம் படுத்தது, பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே ஓடியபோது இவரும் மச்சான் வீட்டுக்கு ஓடி வந்தார். வந்தவர் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய போர்டின் கீழே தன் கையெழுத்தைக் கடைக்காரன் பெயரைவிடக் கொஞ்சம்தான் சின்னதாகப் போடுவார். அப்படி ஒரு பெருமை.

தாயாரம்மாள் தான் மனசில் வைத்திருந்ததைச் சொன்னாள். மலை, மலைமேல் கோபுரம், சாமி, வள்ளி தெய்வானை, யானை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே புருஷன் பெயர், தெருப் பெயர்.

நஜீர் அகமது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரிம்மா. இதுல பல்பொடி எங்க உக்காரும்?"

"மூலையில எயுதுங்க பாய்."

"அரே, இது பொட்டலமா, தேரா? ரயிலுக்கு ஓடறவன் ஓடிகினே பாப்பான். ஒண்ணே ஒண்ணு கண்ணுல குத்தணும். சரி, நகரியிலேந்து வர்றவன் ஊட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட இன்னான்னு சொல்லுவான்? அத சொல்லுங்க மொதல்ல."

"இன்னான்னு சொல்லுவான்... இந்தப் பொடி நல்லாக்கீதும்பான்."

"அவ இன்னொரு தபா வாங்கியாரச் சொல்றப்ப?"

தாயாரம்மாள் யோசித்தாள். சாமி, யானை, மலை, விளக்கு எல்லாவற்றையும் ஒரு வாயால் சொல்ல முடியாதுதான்.

"அதான். வாயால சொல்ல முடியாத படம் கையால வரைஞ்சி புண்ணியமில்ல" என்றார். "ஒரு பொம்பள. சிரிக்கிறா. பல்லு தெரியுது. சுத்தி வெறும் வெள்ள. முடிஞ்சுது."

"அவ்ளோ எடத்த சும்மா உடறதா?"

"சும்மா உட்டாதான் அவ சிரிப்பு கேக்கும்."

இது அவளுக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல், மடியிலிருந்து பழைய பொட்டலங்களை எடுத்துப் போட்டாள். தன்னுடைய யானை, பஞ்சாட்சரத்தின் யானை. "எது வரைஞ்சாலும் அந்தாளு இப்படித்தான் எடுத்துக்குவாரு. இதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

நஜீர் அகமது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "தும்பிக்கையப் பாருங்க."

அவள் யானையின் தும்பிக்கை நுனி வலப்பக்கம் சுருண்டிருந்தது. அவர் யானைக்கு இடப்பக்கம்.

"இத வெட்டினவன் பிளாக் வெட்டறவன் இல்ல. படத்த அப்படியே மரத்துமேல ஒட்டிட்டு மேலயே செதுக்கறான். அச்சடிச்சா வலது எடதா மாறித்தான் விழும். கவுத்து ஒட்டணும்னு தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும். எழுத்து அச்சாபீஸ்ல கோக்கறாங்க, அதனால அது தப்பிச்சிது. யான முகம், தாமரை, சூரியன், எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணு. எவன் கண்டான்?"

தாயாரம்மாள் தும்பிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "யானைக்கு வலது எடது யாரும் கேக்க மாட்டாங்க பாய். மனுசிக்கு?"

"புரியல."

"அந்தப் பொம்பள சும்மா சிரிக்க வாணாம். பல்லு வெளக்கட்டும். சோத்தாங்கை வெரல் வாயில இருக்கட்டும்."

நஜீர் அகமதுக்கு முகம் சுண்டியது. "வாயில வெரல உட்டுகினு ஒருத்தியா? ரங்கூனுக்கு ராணி வரைஞ்ச கைம்மா இது!"

"அந்த ராணி பல்லு வெளக்காதவளா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சோத்தாங்கை, மரத்தில் ஒட்டி, மாறி விழுந்தால்... "யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தொழில்காரனுக்கு வேலை ருசித்துவிட்டால் வேலை கொடுத்தவரைவிட அவன்தான் முன்னால் ஓடுவான். கை பெரிதாக இருக்க வேண்டும் என்றார். விரல் பல்லிலும் சிரிப்பு கண்ணிலும் இருக்க வேண்டும் என்றார். "இன்னொரு கை சும்மா இருக்கக் கூடாது. அதுல தண்ணிச் செம்பு குடுத்துடறேன்."

"செம்பு எதுக்கு பாய்?"

"மாத்தி நெனச்சிப் பாருங்க. சோத்தாங்கையில செம்பு, பீச்சாங்கை வாயில."

தாயாரம்மாள் கருமாதிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். செம்பு எடுத்துக்கொண்டு காலையில் தோப்புப் பக்கம் போகிற ஊரில், அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

படம் பட்டணத்தில், கல் அச்சில், சிவப்பும் பச்சையுமாக இரண்டு வர்ணத்தில் அச்சாகி ஆனி மாதம் வந்து இறங்கியது. பெரிய பொட்டும் கண்ணாடி வளையலுமாக ஒரு பெண். காலை வெயில் அவள் முகத்தில் மட்டும் விழுந்தமாதிரி. அது யார் முகம் என்று தெருவில் ஒரு மாதம் விசாரணை நடந்தது. தாசில்தார் சம்சாரம் என்றார்கள், நஜீர் அகமதின் பெண்சாதி என்றார்கள், வேதாசலம் இருந்த நாளில் தாயாரம்மாளே அப்படித்தான் இருந்தாள் என்றும் சிலர் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவர்களை மற்றவர்கள் நம்பவில்லை. கேட்டவர்களிடம் தாயாரம்மாள், பொட்டலம் எத்தனை என்று திருப்பிக் கேட்டாள்.

ஆனால் பொடி பறந்தது. அதே கடுக்காய், அதே கிராம்பு. போன மாதம் கேட்பாரில்லாமல் இருந்த சரக்கு. தமிழ்க்காரன் "சிரிச்ச அம்மா பொடி" என்றான், தெலுங்கு ஜனம் "நவ்வம்மா பொடி" என்றது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் பொடி தீர்ந்த பிறகும் பொட்டலத்துத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்ததாகக் கேள்வி.

பஞ்சாட்சரத்துக்குச் செய்தி போகாமல் இருக்குமா? ஒரு ஆள் விட்டு நவ்வம்மா பொட்டலம் ஒன்று வாங்கிவரச் சொன்னார். வழக்கம்போல் அதைப் பார்க்காமலே ஆசாரியிடம் நீட்டினார். "இதே மாதிரி. ஆடிக் கிருத்திகைக்குள்ள ஓணும்."

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தை நம்பிப் பஞ்சாட்சரம் கையிலிருந்ததையெல்லாம் செங்கல் தூளாகவும் காகிதமாகவும் மாற்றினார். மூட்டை மூட்டையாகப் பொட்டலம். மடித்தது யார்? கௌரியம்மாள். ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, பொடி போட்டு மடித்தது அவள்தான். இது தாயாரம்மாளுக்குத் தாமதமாகத்தான் நினைவு வந்தது. ஊரெல்லாம் யோசித்தவள் ஓரகத்தியை யோசிக்கவில்லை. கௌரியம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் வீண்.

கிருத்திகைக்கு முன்னால் ஒரு காலை, சரவணப் பொய்கைப் படித்துறையில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். கருமாதிக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. கௌரியம்மாள் கீழ்ப்படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தாள். தாயாரம்மாளைப் பார்த்ததும் வாயிலிருந்த விரலை எடுத்துக் கழுவினாள். பிறகு நிதானமாக இடது கையைத் தூக்கினாள். அந்த ஆள்காட்டி விரலைப் பல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், படத்தில் இருந்த பெண் மாதிரியே தலையைச் சாய்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தாள். செம்பைச் சோத்தாங்கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

தெரிந்துவிட்டது. சொல்வாளா, மாட்டாளா?

கிருத்திகை வந்தது. பூக்காவடியும் மேளமும் அரோகராவுமாக ஜனம் அடிவாரத்தில் நெரிந்தது. பஞ்சாட்சரம் கடை வாசலில் உயரமாகப் பலகை போட்டுப் பொட்டலங்களை அடுக்கி, "சிரிச்ச அம்மா பொடி! நவ்வம்மா பொடி!" என்று இரண்டு பாஷையிலும் கூவினார். கூட்டம் மொய்த்தது. எதிர்ச்சாரியில் தாயாரம்மாள் தன் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வந்தவர்களைக்கூட அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

புத்தூரிலிருந்து காவடியோடு வந்த ஒரு பெரியம்மா பொட்டலத்தை வாங்கி, தூக்கிப் பார்த்து, ரெட்டை மூக்குத்தி மின்ன நின்றாள். "ஏமிரா இதி? எடம செய்யி நோட்லோ பெட்டிந்தே!" என்று அலறினாள். இடது கையை வாயில் வைத்திருக்கிறாளே என்கிறாள்.

பக்கத்திலிருந்தவன் தன் பொட்டலத்தைப் பார்த்தான். "அட ஆமா! பீச்சாங்க!"

"செம்பு வேற வெச்சிகினுகீறா!"

"எங்கேந்து வர்றாளாம் காலங்காத்தால?"

"கழுவிட்டு நேரா வர்றா போல!"

சிரிப்பு கடையிலிருந்து தெருவுக்கு இறங்கி, தெருவிலிருந்து மலைப்படி ஏறியது. விரதமிருந்து காவடி எடுத்தவன்கூட அரோகராவை நிறுத்திவிட்டுச் சிரித்தான். வாங்கினவர்கள் பொட்டலத்தைத் திருப்பி வீசினார்கள். சிலர் கையால் தொடாமல் துண்டு நுனியில் பிடித்து வீசினார்கள்.

பஞ்சாட்சரம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். தன் வலது கையை வாயருகே கொண்டுபோனார், இடது கையைக் கொண்டுபோனார், எது எதுவென்று அவருக்கே குழம்பிவிட்டது. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு, "கை எதுவா இருந்தா இன்னாய்யா? பொடி அதே பொடிதான்!" என்று கத்தினார். அதற்கு எழுந்த சிரிப்பில் மேளம் கேட்கவில்லை.

அன்றோடு அவர் பெயர் பஞ்சாட்சரம் இல்லை. பிள்ளைகள் 'பீச்சாங்கை மார்க்' என்று கூவிவிட்டு ஓடின. அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் உரிமையோடு சாம்பார் வாளியைத் தூக்கினார். வரிசையாக இலையை மறைத்துக்கொண்டார்கள். ஆசாரியிடம் சண்டைக்குப் போனார். "நீங்கதான சொன்னீங்க, இதே மாதிரின்னு? கையப் பாருன்னு சொன்னீங்களா?" என்றார் ஆசாரி.

வீட்டில் கௌரியம்மாள்மேல் பாய்ந்தார். "அத்தனையும் மடிச்சியே, கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?"

"தெரிஞ்சிதான் மடிச்சேன்" என்றாளாம். "எதச் சொன்னாலும் பொம்பளைக்கு மார்க்கப் பத்தி இன்னா தெரியும்னுவீங்க. தெரியாதவ எப்டிங்க சொல்றது?" இதை அவளே பொய்கைக் கரையில் நாலு பேரிடம் சொன்னதால் இது வதந்தியில்லை.

தாயாரம்மாள் அத்தோடு விட்டாளா? வஞ்சம் பாயசமா, ஒரு கிண்ணம் குடித்தால் திகட்டுவதற்கு? தெருவில் கிடந்த பீச்சாங்கைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, தாளை நீவி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் கடையில் தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். செத்தவர் படத்துக்குப் போடுகிறமாதிரி ஒரு கதம்பச் சரமும் போட்டாள். வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துச் சிரித்து, பொடி வாங்கிப் போனார்கள்.

ஆவணியில் பஞ்சாட்சரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "தாயாரு, நீ வேணும்னே பண்ணதான இது?"

"நான் இன்னா பண்ணேன் பாவா? நான் வரையச் சொன்னது சோத்தாங்கை. எடுத்துகினது நீங்க" என்றாள். இந்தப் பக்கத்தில் புருஷனின் அண்ணன் பாவா.

"யான மார்க்க நீயே வெச்சிக்க. அந்தச் சட்டத்த எறக்கிடும்மா. ஊருக்குள்ள தல காட்ட முடியல."

"யான எனுக்கு வாணாம். எறக்கறேன். ஆனா நாளைக்குக் காலையில கடை தொறக்கறப்ப நீங்க வந்து போணி பண்ணணும். துண்டு இல்லாம. பேரச் சொல்லிக் கேக்கணும்."

அவருக்குக் கருமாதிப் பந்தி நினைவு வந்ததா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகாலையில் சன்னதித் தெருவில் யாரும் தூங்கவில்லை. வாசல் பெருக்குகிறவர்கள் பெருக்கிய இடத்தையே பெருக்கினார்கள். பால்காரன் மாட்டை மூன்று வீடு தள்ளிக் கட்டிவிட்டு வந்து நின்றான். வடை தின்ற வாய்கள் அத்தனையும் ஆஜர். தாயாரம்மாள் சாமிக்கு விளக்கேற்றி, திருநீறு இட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

பஞ்சாட்சரம் முன்னால் வந்து நின்றார். துண்டு இல்லாத தலையைத் தடவிக்கொண்டார்.

"இன்னா ஓணுங்க?" என்றாள், தெரியாதவரைக் கேட்பதுபோல.

"சிரிச்ச அம்மா பொடி."

"கேக்கல."

"சிரிச்ச அம்மா பொடி ஒண்ணு குடும்மா. போணி."

"ஆங்" என்று அவள் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அவர் வலது கையை, அது வலதுதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நீட்டி வாங்கினார். அவள் காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டாள். பக்கத்துக் கூட்டத்திலிருந்து கௌரியம்மாள், "எனுக்கும் ஒண்ணு குடு தாயாரு" என்றாள். அதன்பின் தெருவே வாங்கியது.

பஞ்சாட்சரம் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சட்டம்... எறக்கறேன்னியே?"

தாயாரம்மாள் நாற்காலிமேல் ஏறினாள். சட்டத்தில் வாடியிருந்த கதம்பத்தைக் கழற்றினாள். கண்ணாடியை முந்தானையால் பளிச்சென்று துடைத்தாள். புதுச் சரம் ஒன்றைப் போட்டு, கொஞ்சம் சாய்ந்திருந்ததை நேராக்கிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"எறக்கறேன்னுதான் சொன்னேன் பாவா" என்றாள். "என்னிக்குன்னு சொன்னேனா? நாளைக்கும் போணிக்கு வாங்க, யோசிச்சிச் சொல்றேன்."